தம்பியின் சிவப்புக் காரும் ஞாயிற்றுக்கிழமைச் சத்தமும்

என் அன்புத் தடியா,

உன் சிவப்புக் கார் பத்திரமாக இருக்கிறது. முதலில் அதைத்தானே கேட்பாய்? அம்மா எப்படி, அக்கா எப்படி என்பதெல்லாம் பிறகுதான். கணினித் திரைக்கு வெளியே ஒரு மீற்றர்கூட ஓடாத காருக்கு இவ்வளவு கவலைப்பட்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உன் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு, நேற்று முடிந்தது. வீடு நிறையச் சனம். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். எல்லோரும் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டடியில், பூம்ப்ளிஸில் ட்ராம் ஏறினேன், எங்கேயோ இறங்கினேன், வந்த வழியே திரும்பினேன். இதை எழுதும்போதுகூட எத்தனை தரம் எழும்பிவிட்டேனோ தெரியாது. எங்கே போய் உட்கார்ந்தாலும் அது நான் உட்காருகிற இடமாக இல்லை.

அம்மாதான் என் பயம். நீ போனதிலிருந்து ‘ஓம்’, ‘வேண்டாம்’ இரண்டையும் தவிர அவர் எதுவும் கதைக்கவில்லை. நேற்று சித்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். “தம்பி கேம் விளையாடின ஸ்டியரிங்கும் சீட்டும் கண்ணுக்கு முன்னால கிடந்தா அம்மா எப்பிடித் தேறுவா? நாளைக்குப் பின்னேரம் சித்தப்பா வான் கொண்டு வருவார். ஏத்திவிடு” என்றார். நானும் ஓம் என்றுவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படி என்னதான் கண்டாய் அந்த விளையாட்டில்? பகல் முழுக்கக் கராஜில் மற்றவர்களின் டயர்களைத் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு பனிக்காலம் ஓடும் என்று இரக்கப்பட்டவன் நீ. வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டில் ஏறினால் ஒரு காலில் பிரேக், மறு காலில் ஆக்ஸிலரேட்டர். பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று திரை முழுக்கப் புகை. பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, பிரேக்கை விட்டு, காரைப் பம்பரமாகச் சுழலவிடுவாய். அதற்கு டோனட் என்று பெயராம். “தம்பி வடை சுடுறான்” என்பார் அம்மா. சாப்பிடக் கூப்பிட்டால், “அம்மா, இன்னும் ஐஞ்சு நிமிசம்!” அந்த ஐந்து நிமிடம் என்றைக்காவது ஐந்து நிமிடமாக இருந்ததா?

சீட்டுக்கு அடியில் நீ பூட்டிய ஸ்பீக்கர் வேறு. ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் கேட்குமென்று வெறும் கண்ணாடிப் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக்கூடாத நாடு இது. நீயோ தரை அதிர டயர் எரிப்பாய். கீழ்வீட்டுப் பெண்மணி மேலே வந்து மணி அடிப்பார். அம்மா கதவடியில் கூனிக் குறுகி நின்று, “என்ட்ஷுல்டிகுங், என்ட்ஷுல்டிகுங்” என்று மன்னிப்புக் கேட்பார். உள்ளே நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

மருத்துவமனையில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “அக்கா, என்ர காரை ஒருக்காச் சுத்திப் பார். மண்டைக்குள்ள கிடக்கிறதெல்லாம் வெளியில போயிடும்.”

“முதல்ல நீ எழும்பி வா. வந்து நீயே சுத்து” என்றேன். நீ வரவில்லை.

அதனால் இன்று ஞாயிறு மத்தியானம், வான் வருவதற்கு முன் நானே சீட்டில் ஏறினேன். அம்மா சோபாவில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிரேக், ஆக்ஸிலரேட்டர், புகை, எல்லாம் சரி. ஸ்டியரிங்கை ஒடித்துப் பிரேக்கை விட்டதும் காரின் பின்பக்கம் விசுக்கென்று இழுத்தது. பயத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கார் கோபித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் அதே. முதியவர்களைப் பராமரிக்க வீடு வீடாகக் கார் ஓட்டுகிறவள் நான். மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டாத கால் இது, என்ன செய்ய? எரிச்சலில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். அழுகையும் வந்தது.

“காலை எடுக்காதை.”

திரும்பிப் பார்த்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

“தம்பி காலை எடுக்கமாட்டான். பின்பக்கம் இழுக்கேக்க கொஞ்சமாய்க் குறைப்பான், முழுக்க விடமாட்டான். மிதி பிள்ளை.”

உடுப்பு மடிக்கிறேன் என்று உனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாரே, அத்தனை நாளும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? இது உனக்குத் தெரியுமா? மிதித்தேன். கார் அரை வட்டம் போனது, முக்கால் போனது, முழுதாகச் சுற்றியது. “விடாதை, விடாதை!” என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அலுமாரிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண்மணிதான். நான் எழும்புவதற்குள் அம்மா போய்க் கதவைத் திறந்துவிட்டார். வழக்கம்போல மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: “நொக் ஃபுன்ஃப் மினூட்டன், பிட்டே.”

இன்னும் ஐந்து நிமிடம், தயவுசெய்து.

அந்தப் பெண்மணி அம்மாவின் முகத்தையே பார்த்தார். அவர் கையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா அழுதார். நீ போன பிறகு முதல் தரமாக, வாய்விட்டு, சத்தமாக. நானும் சேர்ந்து அழுதேன். உன் கார் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

பின்னேரம் சித்தப்பா வந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, வெறும் வானோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

உனக்கு வாக்குத் தருகிறேன் தம்பி, உன் காரைச் சும்மா நிற்கவிடமாட்டேன். அடுத்த ஞாயிறும் சுற்றுவேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இன்னமும் உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிடுகிற,
உன் அக்கா