இடது பக்க பம்பர்

ஜூன் 6, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே சிமெண்ட் தரை சுடுகிறது. கம்பெனியில் கரண்ட் இல்லை, பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கேம்ப் ரோட்டில் இறங்கி ஹார்டுவேர் கடையில் சும்மா நின்றேன். பிறகு வெறுங்கையோடு வரக் கூச்சமாக இருந்ததால் வாங்கியது: டர்பன்டைன் சிறு பாட்டில், எமரி பேப்பர், மஞ்சள் எனாமல் பெயிண்ட், இருப்பதிலேயே சின்ன டப்பா.

கம்பெனியில் பக்கத்து சீட் வசந்தியின் கணவர் கப்பலில் இருந்து வந்தபோது கொடுத்த பிளாஸ்டிக் லாரி. இரண்டு மாதமாகப் பெட்டியிலேயே கிடந்தது. இன்று பிரித்தேன். எல்லாம் துண்டு துண்டாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். பகல் முழுக்க சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கி சால்டர் வைக்கிற கை, இதற்கு நடுங்குவதில்லை.

அம்மா: "இருபத்தேழு வயசுல பொம்ம வெச்சி வெளாட்றா பாரு."

அண்ணன் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தான். அவன் ஓட்டிய லாரி விபத்தாகி ஆறு வாரம். பெயிலில் வந்ததிலிருந்து இதே நடை. லாரி டிரைவர் இருக்கிற வீட்டில் நான் ஏன் லாரியைப் பிரித்தேன்? யோசிக்கவேயில்லை.

ஜூன் 9, வியாழன்

மஞ்சள் அடித்தாயிற்று. இரண்டு கோட். தூசி ஒட்டாமல் இருக்க சோற்றுப் பானையைக் கவிழ்த்து மூடி வைத்தேன். அம்மாவிடம் வசவு.

அண்ணன் பானையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாது இது?"

"லாரி."

"லாரியா? கல்யாணக் காரு மாதிரி கீது. ஸ்டீரிங்க வேற லெஃப்ட்ல வெச்சிக்கீறான்."

"வெளிநாட்டு லாரி அண்ணா."

"எந்த நாட்டு லாரியா இருந்தா இன்னா, லாரி இவ்ளோ சுத்தமா இருக்குமா?"

ஒரு வாரத்தில் அவன் பேசிய மொத்தப் பேச்சு இதுதான். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 12, ஞாயிறு

சர்ச் பூசைக்கு நானும் அம்மாவும் மட்டும். அண்ணன் வரவில்லை. திரும்பி வந்தால் லாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

அழுக்குப் பிடிக்க வைக்க ஆரம்பித்தோம். போஸ்டர் கலரில் கறுப்பும் பழுப்பும், நிறைய தண்ணீர். முதலில் எனாமல்மேல் நிற்காமல் முத்து முத்தாக ஓடியது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் படிந்தது. இடுக்குகளில் மட்டும் விட்டு, மேலே பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும். துருவுக்கு: செங்கல் பொடி, ஆரஞ்சு, கிள்ளிய ஸ்பாஞ்சு. புகைக்கு: மெழுகுவர்த்திக் கரி.

நான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துரு வைத்துக்கொண்டு போனேன். அண்ணன் கையைப் பிடித்துவிட்டான்.

"அங்க ஏன் வெக்கிற? அங்க தண்ணி நிக்காது. கதவுக்குக் கீழ வை. டிரைவரு கால் வெச்சி ஏறுற படி, அங்க பெயிண்டே இருக்காது. கதவுல முழங்கை வெக்கிற எடம் தேஞ்சி பளபளன்னு கெடக்கும்."

பென்சில் கரியைத் தேய்த்தேன். உண்மைதான், இரும்பு போலவே ஆகிவிட்டது. அண்ணன் சிரித்தான். மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

ஜூன் 15, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. லாரி முதலாளி அனுப்பிய வக்கீல் வந்திருந்தார். இருபத்து மூன்றாம் தேதி கேஸ். கோர்ட்டில் அண்ணன் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக் கொடுத்தார்.

"அந்தம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்க. பிரேக் புடிச்சேன், நிக்கல. இவ்ளோதான். வேற ஒரு வார்த்தை வேணாம்ப்பா. சரியா?"

அண்ணன் தலையாட்டினான். வக்கீல் காபி குடித்தார். "தப்பு அந்தம்மா பேர்ல நின்னுச்சுன்னா நமக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அவங்க கேக்குற நஷ்ட ஈடும் பெருசா நிக்காது" என்றார்.

அடிபட்ட அந்தம்மாவின் பெயர் கன்னியம்மா. கடலோரத்துக் கிராமம். கூடையில் மீன் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கோவிலம்பாக்கம் பக்கம் வருவார்களாம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இந்தப் பெயரை இந்த வீட்டில் நாங்கள் யாரும் சொன்னதில்லை. "அந்தப் பொம்பள" என்றுதான்.

இன்று ஒன்பது போர்டு ரிஜெக்ட். சூப்பர்வைசர் திட்டினார்.

ஜூன் 18, சனி

ஓவர்டைம் முடித்து வந்தேன். வீட்டில் ஊதுபத்தி வாசனை, அதோடு பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அண்ணன் கையில் லாரி. முன்பக்கம், இடது பக்க பம்பரை ஊதுபத்தியால் சுட்டு, ஸ்பூன் காம்பால் அழுத்தி நசுக்கியிருக்கிறான்.

கத்திவிட்டேன். "யாரைக் கேட்டு இதைச் செஞ்ச? பத்து நாள் வேலை!"

அவன் கோபப்படவில்லை. பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கதான் அடிச்சிது, ஸ்டெல்லா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"குறுக்க வந்திருந்தா நடுவுல பட்டிருக்கணும். இது ஓரம். அவங்க குறுக்க வர்ல. ரோட்ட வுட்டு எறங்கி மண்ணுல நடந்துகினு இருந்தாங்க. வண்டிதான் அவங்க கிட்ட போச்சி."

"ஏன்?"

"தூங்கிட்டேன்."

அம்மா வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்கு நல்லாத்தான் இருந்திச்சி. நான் மிதிக்கவே இல்ல. அந்தம்மா கத்துனப்பறம்தான் முழிச்சேன்."

ஜூன் 19, ஞாயிறு

அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான். கோர்ட்டில் உள்ளதைச் சொல்லப் போவதாகவும்.

"ஜெயிலுக்குப் போறேன்னு சொல்றியா? இவளுக்கு மாப்ள பாத்துகினு கீறேன், ஞாபகம் கீதா உனுக்கு? டிரைவரு வேலைய வுட்டா வேற இன்னா தெரியும்?"

"அதுக்கு அந்தம்மா மேல பழி போடணுமா?"

"அவங்களுக்கு நம்மளத் தெரியுமா, நமக்கு அவங்களத் தெரியுமா?"

பூசையில் வாசகம் எதுவும் காதில் விழவில்லை.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். அவன் சொன்னபோது ஒரு நிமிடம் எனக்கும் அம்மா நினைத்ததுதான் தோன்றியது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன. தாம்பரம் வரன் வீட்டார் அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல இடம்.

சாயங்காலம், அண்ணன் வெளியே போனதும், வெந்நீரில் பம்பரை முக்கி நிமிர்த்தப் பார்த்தேன். நிமிரவில்லை. மடங்கின இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததுதான் மிச்சம். என்ன செய்கிறேன் என்று உறைத்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இரண்டு விரல்கள் சிவந்துபோய்விட்டன.

ஜூன் 21, செவ்வாய்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய சேலையூர் ஸ்டாப்பை விட்டுவிட்டு, திரும்பி நடந்து வந்தேன். அம்மா அண்ணனோடு பேசுவதில்லை. தட்டை மட்டும் தள்ளி வைக்கிறாள்.

நான் அவனிடம் சொன்னேன்: "நீ சொல்லு அண்ணா. என்னைப் பத்தி யோசிக்காத."

"யோசிக்காம எப்டி?" என்றான். பிறகு, "தேங்க்ஸ்மா."

ஜூன் 23, வியாழன்

லீவு. கோர்ட். காலையில் தூறல். மதியம் வரை கூப்பிடவே இல்லை. வேப்பமரத்தடியில் நின்றோம். அண்ணன் வெள்ளைச் சட்டை. சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டான்.

கூப்பிட்டார்கள். வக்கீல் எழுந்திருப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டான். "அந்தம்மா மேல தப்பு இல்லீங்கய்யா. ஓரமாத்தான் போனாங்க. நான் தூங்கிட்டேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றான். இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான்தான் கெடுத்த மாதிரி.

பின் பெஞ்சில் ஒருவர், தோளில் துண்டு. கன்னியம்மாவின் வீட்டுக்காரர். வெளியே வரும்போது அண்ணன் அவர் முன்னால் நின்றான். அவர் வழி விட்டு விலகி நடந்தார்.

ஜூன் 27, திங்கள்

தீர்ப்பு. மூன்று மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து.

அம்மா கோர்ட்டுக்கு வந்தாள். வர மாட்டேன் என்றவள் கடைசியில் எனக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டாள். போலீஸ்காரர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஓடிப்போய் அவன் காலரைச் சரி செய்தாள்.

அண்ணன் என்னிடம்: "ஒரு தபா போயி அந்தம்மாவப் பாரு. நான் அனுப்புனேன்னு சொல்லாத. நீயாவே போ."

ஜூன் 30, வியாழன்

கல்யாணத் தரகர் வந்தார். தாம்பரம் வீட்டில் "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்களாம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

லாரியை முடித்தேன். முடிச்சூர் செம்மண்ணைத் துணியில் சலித்து டயர்மேல் தட்டினேன். பம்பரை அப்படியே விட்டுவிட்டேன். அலமாரியில் ஏற்றினேன்.

ஜூலை 3, ஞாயிறு

மேகம், காற்று. மூன்று பஸ் மாறிப் போனேன். விசாரித்து விசாரித்து வீடு. கன்னியம்மா கயிற்றுக் கட்டிலில். ஐம்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னேன்.

"தங்கச்சியா?"

"ஆமாங்க."

"இன்னாத்துக்கு வந்த? அவன் உள்ளத சொல்ட்டான், அதுக்கு நான் சிரிக்கணுமா?"

"இல்லீங்க."

"இனிமே என்னால மீன் கூடைய தூக்க முடியாது. விக்கப் போவ முடியாது. அது தெரியுமா அவனுக்கு?"

வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாம் என்று நாலைந்து முறை நினைத்தேன்.

"வூட்ல யாரும் இல்ல. அவரு கடலுக்குப் போய்க்கீறாரு. நான் வெளிய போவணும். புடிக்கிறியா?"

பழங்களைக் கீழே வைத்தேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கனம். வலியில் என் தோளை இறுக்கிப் பிடித்தார், நகம் பதிந்தது.

"மெதுவா, புள்ள. மெதுவா."

வாசல் வரை ஏழு அடி.