பின்னட்டையில் ஒரு வரி

மேலூர்
3 ஜூன் 2024

அன்புள்ள சுல்தான் பீவி அக்காவுக்கு,

மேலூரிலிருந்து எஸ்தர். மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஒன்றரை வருஷமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை, வீம்புதான். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வீம்பைத் தவிர வேறென்ன மிஞ்சும்?

முதியோர் கல்வித் திட்டத்தில் வேலை பார்க்கும் தாமரைச்செல்வி முந்தாநாள் வந்திருந்தாள். கோரிப்பாளையத்தில் உங்கள் தெருவில் மறுபடி தமிழ் வகுப்பு நடத்தித் தரச் சொல்கிறாள். வீட்டில் உருது பேசி, அரபியில் ஓதி, தமிழில் மட்டும் கைநாட்டு வைக்கிற பெண்கள் இன்னும் இருபது பேராவது இருக்கிறார்களாம். வீடுவீடாகப் போய்க் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்களாம்: "சுல்தான் பீவி வந்தா நாங்களும் வாரோம்." இந்த மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வந்தால்தான் நானும் வருவேன்.

உங்கள் மாடி அறை கண்ணிலேயே நிற்கிறது. மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பதினோரு பேரும் மூச்சிரைக்கப் படியேறி வருவீர்கள், சாயங்காலம் அஸர் பாங்கு சொல்வதற்குள் பாடம் முடிய வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிலேட்டில் வலப்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தீர்கள். நான் சிரித்துவிட்டேன். "ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க? ஓதுறது அந்தப் பக்கத்துலருந்துதான?" என்று ஒரு போடு போட்டீர்கள். அன்றைக்கே நானும் உங்களிடம் அலிஃப், பே என்று உருது எழுத்துக் கற்க ஆரம்பித்தேன். பே தாண்டவில்லை, அது வேறு கதை.

அந்த நோட்டு விஷயத்துக்கு இன்றைக்காவது மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எங்கள் மிஷன் பள்ளியில் மிஞ்சிய நோட்டுகளை வீணாக்க வேண்டாமே என்று கொண்டுவந்து கொடுத்தேன். பின்னட்டையில் பைபிள் வசனம் அச்சாகியிருந்தது. முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வெறும் அட்டையாகத்தான் தெரிந்தது. சத்தியமாக வேறு எண்ணம் இல்லை அக்கா.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்தர்

*

கோரிப்பாளையம்
10 ஜூன் 2024

மதிப்பிற்குரிய எஸ்தர் டீச்சர் அவர்களுக்கு,

மாமி சொல்லச் சொல்ல எழுதுவது மருமகள் ஃபர்ஹா. மாமி நலம். படித்ததெல்லாம் மறந்துவிட்டதாம். கையும் நடுங்குகிறதாம். இந்த வயதில் இனி வகுப்பு எதற்கு, வேறு யாரையாவது வைத்து நடத்திக்கொள்ளுங்கள் என்கிறார். உங்களுக்காக துஆ செய்கிறார்.

இப்படிக்கு,
ஃபர்ஹா

பி.கு.: இது நானாக எழுதுவது. மாமிக்குக் கை நடுங்கவில்லை. உங்கள் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவும் இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அதை வைத்திருந்தார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

*

மேலூர்
14 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

வருகிற பக்ரீத்துக்கு என் வாழ்த்து. ஒவ்வொரு வருஷமும் என் பங்குக் கறியைத் தூக்குவாளியில் போட்டு, "பஸ்ல சிந்தாமக் கொண்டு போங்க டீச்சர்" என்று மூடிக்குத் துணி கட்டித் தருவீர்கள். அந்தத் துணி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்களுக்கு மறந்துவிட்டதென்று நான் நம்பவில்லை. அதனால் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் மகன் ஜலால் மேலே வந்து நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "அம்மி, இதை வாசிச்சீங்களா?" என்று கேட்டார். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. வகுப்பு நின்றதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். நீங்கள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "எனக்கு எங்கடா வாசிக்கத் தெரியும்?" என்றீர்கள்.

இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேனே அக்கா! பஸ்ஸில் மேலூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரோ செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

உங்களுக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியாதென்றால், இனி நான் யாருக்கும் பாடம் சொல்லித்தர லாயக்கில்லை. தெரியும் என்றால் உங்கள் கையால் எழுதுங்கள். முப்பதாம் தேதிவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு தாமரைச்செல்வியிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

எஸ்தர்

*

கோரிப்பாளையம்
22 ஜூன் 2024

எஸ்தர் டீச்சருக்கு ஸலாம்.

இது என் கையெழுத்து. ஃபர்ஹா பக்கத்துல இல்ல. நாலு நாளா எழுதுறேன், மூணு தாள் கிழிச்சாச்சு. பேசுற மாதிரியே எழுதுங்கன்னு நீங்கதான சொன்னீங்க, அப்படியே எழுதுறேன். தப்பு இருந்தா சிவப்பு மையில வட்டம் போட்டுக்கங்க.

நோட்டைக் குடுத்த அன்னைக்கே பின்னாடி இருந்ததை வாசிச்சேன் டீச்சர். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். பயப்படாதேன்னு ஆரம்பிச்சுச்சு. யாரும் சொல்லிக் குடுக்காம நானா முழுசா வாசிச்ச முதல் வரி அதுதான். அது உங்க வேதத்து வரின்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? தப்பாப் படல. எங்க ரப்பு அல்லாஹ்வும் அதைத்தான சொல்றான். எனக்கு அம்புட்டு சந்தோசம். ஒரு வாரம் தினமும் எடுத்து எடுத்து வாசிச்சேன்.

ஜலால் கேட்டப்ப வாசிச்சேன்னு சொல்லியிருந்தா, தெரிஞ்சும் ஏன் வச்சிருந்தீங்கன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டிருப்பான். பயந்துட்டேன். பயப்படாதேன்னு வாசிச்சுட்டு ஒரு வாரத்துலயே பயந்துட்டேன், பாருங்க என் லட்சணத்தை. உங்களை விட்டுக் குடுத்துட்டேன். நீங்க நோட்டையெல்லாம் பையில அள்ளிக்கிட்டுப் படி இறங்கினீங்க, ஒரு வார்த்தை பேசாம நின்னேன். அது இன்னும் நெஞ்சுல கிடந்து அறுக்குது. இந்தப் பெருநாளுக்கும் உங்க பங்கு இல்லாமத்தான் கறி பிரிச்சோம்.

நேத்து ஜும்ஆ தொழுதுட்டு வந்து ஜலால் சாப்பிட உக்காந்தான். உங்க கடுதாசியை எடுத்து அவன் முன்னாடி நானே சத்தமா வாசிச்சேன். பஸ்ஸுல அழுத இடம் வந்தப்பயும் நிறுத்தாம வாசிச்சு முடிச்சுட்டேன். அள்ளுன சோறு அவன் கையிலயே நிக்குது. "அம்மி, இம்புட்டு நல்லா வாசிக்கிறீங்களா?"ன்னான். "அன்னைக்கும் வாசிச்சேன்டா, பொய் சொன்னேன்"னேன். எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போனான். சாயங்காலம் பாத்தா, மாடி ரூமுல அடைச்சு வச்சிருந்த அரிசி மூட்டையெல்லாம் அவனே கீழ இறக்கிக்கிட்டு இருக்கான்.

தாமரைச்செல்விகிட்ட சரின்னு சொல்லிருங்க. பதினாலு பேர் வாராங்க, பேரெல்லாம் நானே எழுதி வச்சிருக்கேன்.

புது நோட்டு வாங்க வேணாம். அந்தப் பழைய நோட்டையே கொண்டு வாங்க. காலண்டர் தாள் சேத்து வச்சிருக்கேன், அந்த வரி மறையுற மாதிரி எல்லாத்துக்கும் அட்டை போட்டுரலாம், மத்தவங்க வீட்டுல பேச்சு வராது.

என் நோட்டுக்கு மட்டும் அட்டை வேணாம்.

இப்படிக்கு,
வாசிக்கத் தெரிந்த
சுல்தான் பீவி