அரை நிமிடம் முந்தி

நவம்பர் 14, வெள்ளி

என் வீட்டுக்காரர் சமைக்கும் போர்த்துகல் ஹோட்டலில் எந்நேரமும் ஓடும் வானொலியை, இணையத்தில் தேடிப் பிடித்து ஒரு வாரம் ஆகிறது. மொழி புரியாது. இருந்தாலும் தினமும் கேட்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு போன் பண்ணினார். அவருக்குப் பின்னால் பாடிய பாட்டு, பேகம்பூரில் எங்கள் மாடிக்கு இணைய வானொலி வழியே அரை நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கடல் தாண்டி வர வேண்டாமா?

“பெருநாளைக்காச்சும் வாரீங்களா?” என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. பின்னால் ஒரு புல்லாங்குழல் மட்டும் கேட்டது.

“அடுப்புல வேலை கெடக்கு, வச்சிர்றேன்மா.”

போனை வைத்த பிறகு அந்தப் புல்லாங்குழல் என் அறைக்கு வந்தது. அவர் பேசாமல் நின்ற நேரத்தை இன்னொரு முறை முழுசாகக் கேட்டேன்.