அப்பா கைதான வாரம்

ஜூலை 8, செவ்வாய்

அப்பா காலையிலிருந்து படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், ஷூ. ஓய்வு பெற்று நாங்கள் கூடுவாஞ்சேரிக்கு வந்த பிறகு அவர் ஷூ போட்டு இன்றுதான் பார்க்கிறேன். "ஆபீஸ் விஷயம்," என்றார். அம்மா உடனே டிவியை நிறுத்தினாள்.

அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்தில் இருந்தவரை எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். அப்பாவுக்கு வேலையில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. பள்ளியில் 'என் தந்தை' கட்டுரையில், அவர் காலையில் பேருந்தில் போவார், மாலையில் பேருந்தில் வருவார் என்று எழுதினேன். பத்துக்கு ஆறு.

ஜூலை 9, புதன்

"திரும்பக் கூப்பிட்டுட்டாங்க போலிருக்குடி," என்று அம்மா கிசுகிசுக்கிறாள். பெருமை தாங்கவில்லை. வீடியோ காலில் தன் முகம் விழக் கூடாதென்று இட்லித் தட்டைக் கதவிடுக்கு வழியாகத் தரையில் தள்ளுகிறாள். அலமாரியில் சாய்த்து வைத்த ஃபோனில் ஒரு சீருடை தெரிந்தது. பாத்ரூம் போகக்கூட அப்பா "பெர்மிஷன், சார்" என்கிறார்.

மதியம் அந்த அதிகாரியின் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன், உனக்கு மட்டும்தான் ஒர்க் ஃப்ரம் ஹோமா?"

என் மீட்டிங்குக்குத் திரும்பினேன்.

ஜூலை 10, வியாழன்

நகை மொத்தம் எத்தனை கிராம் என்று அப்பா கேட்டார். அம்மா ஏன் என்று கேட்காமல் சொன்னாள், மூக்குத்தி உட்பட.

ஜூலை 11, வெள்ளி

கீழ்வீட்டு லத்தீஃபா அக்கா மாடிப்படியில் மறித்தார்.

"இன்னா சஹானா, உங்க அப்பாவுக்கு இன்னா ஆச்சு? காலைல பேங்க்ல பாத்தேன். ஃபோன சட்டப் பையில நிக்க வச்சிகினு, அதாண்ட கேட்டுக் கேட்டு க்யூல நவுர்றாரு."

"மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா."

"வேலைக்குக் கூப்ட்டவன் சம்பளம் குடுப்பான். இவருல்ல கட்டிகினு கீறாரு."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிஜிட்டல் கைது. போலீஸ் வேஷத்தில் வீடியோ காலிலேயே ஆளை அடைத்து வைத்துப் பணம் பறிப்பது. எத்தனை கட்டுரை படித்திருக்கிறேன். போன மாதம் குடும்பக் குழுவில் எச்சரிக்கை போட்டதே நான்தான். அப்பா கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

பிறகு ஏன் நேராகப் போய்க் கேட்கவில்லை? கதவு வரை போனேன். தட்டக் கை வரவில்லை. இருபத்தாறு வயது, கழுதைக்கு.

ஜூலை 12, சனி

கேட்டுவிட்டேன்.

உள்ளே போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இங்க என்ன நடக்குது?" என்றேன். கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

யார் இது என்று சீருடை ஆங்கிலத்தில் கத்தியது. "மை டாட்டர், சார்." நானும் கைது. சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அம்மாவும் கைது. மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். "அடுப்புல சாம்பார் இருக்கு, எறக்கிட்டு வரலாமான்னு கேளுங்க," என்றாள் அம்மா. அப்பா மொழிபெயர்த்தார். அதிகாரி யோசித்து அனுமதி கொடுத்தார்.

அப்பா பெயரில் ஏதோ பார்சலாம், உள்ளே போதைப்பொருளாம். பணத்தையெல்லாம் 'அரசுக் கணக்கு'க்கு மாற்றினால் சோதித்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம். வெளியே சொன்னால் எங்களுக்கும் சிறை. நேற்று இரண்டு லட்சம் போயிருக்கிறது. ஓய்வுப் பணம் மொத்தமும் இருக்கும் டெபாசிட் இன்னும் பிழைத்திருப்பதற்குக் காரணம் அப்பாவின் அலுவலகப் பழக்கம்தான். அவர்கள் அனுப்பிய உத்தரவில் கோப்பு எண் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அடுத்ததில் தேதி தப்பு. திருத்திய உத்தரவு இன்று வந்தது. உடனே வங்கிக்குப் போய் டெபாசிட்டை உடைக்க வேண்டுமாம்.

"சார், டுடே இஸ் செகண்ட் சாட்டர்டே," என்றார் அப்பா. "பேங்க் ஹாலிடே."

"ஸோ வாட்?" என்றது சீருடை.

அப்பா மெல்ல நிமிர்ந்தார். குக்கர் விசிலை நம்பினார், பார்சலை நம்பினார். இரண்டாம் சனி தெரியாத அரசாங்க அதிகாரியை அவரால் நம்ப முடியவில்லை. "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று தமிழிலேயே கேட்டார். இணைப்பு போய்விட்டது.

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம்.

ஜூலை 14, திங்கள்

போன இரண்டு லட்சத்தில் எழுபதாயிரத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். மீதி போனதுதான். அப்பா சாப்பிடவில்லை. "படிச்சவன்தானேம்மா நான்," என்றார்.

என்ன சொல்ல? நானும் படித்தவள்தான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவள்.

ஜூலை 20, ஞாயிறு

புதுச் சட்டம்: யாருக்குப் பணம் அனுப்புவதானாலும் வீட்டில் இன்னொருவரிடம் முதலில் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டால் கோபப்படக் கூடாது. சொன்ன கையோடு அம்மா ரகசியமாகக் கட்டிவந்த சீட்டு ஒன்று வெளியே வந்தது. நான் திறந்தே பார்க்காத மூன்று செயலிகளுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பதும். மூன்றையும் நிறுத்தியாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா காபியைக் கொடுத்துவிட்டு அப்பா எதிரே உட்கார்ந்தாள். "ஏங்க, அங்க நீங்க என்னதான் வேலை பார்த்தீங்க?"

அப்பா வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "ஏசி."

"எந்த ஏசி?"

"பில்டிங் ஏசி. ரிப்பேர்லாம் என் பொறுப்பு."

அம்மா நிமிர்ந்து சுவரிலிருந்த ஏசியைப் பார்த்தாள். "ஹால் ஏசி ஒழுகுதுன்னு மெக்கானிக்குக் காசு மேல காசா அழறேன். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"நான் கை வச்சா உனக்குத் தெரிஞ்சிடும்ல, வசு."

இப்போது அப்பா ஸ்டூல்மேல் நிற்கிறார், வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு. அம்மா ஸ்டூலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கூட யார் யார் இருந்தார்கள், மதியம் எங்கே சாப்பிட்டீர்கள், என் சமையலைப் பற்றி என்ன சொன்னார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். வேலை முடிவதாக இல்லை.