சின்னவளின் கையெழுத்து

என்னங்க,

நீங்கள் வேலை முடிந்து வரும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன், இன்று எனக்கு மதிய ஷிஃப்ட். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

“அப்படியே பெரியவ மாதிரி வருவா பாரு” என்று நேற்று நீங்கள் சின்னவளைப் பற்றிச் சொன்னதற்குத்தான் கத்திவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் காலையில் சின்னவளின் கணக்கு நோட்டைப் பார்த்ததும் பெரியவளின் பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, அச்சு அசலாக நம் பெரியவளின் கையெழுத்து. அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

“ஏன்டி இப்படி எழுதுற?” என்றேன்.

“அக்கா நோட்டைப் பாத்துப் பழகினேம்மா. இப்படி எழுதினாத்தான் அப்பா பக்கத்துல வந்து உக்கார்றாரு.”

தினமும் ஆறு மணி, அதே மேசை, டிவி கிடையாது, கூடவே நீங்கள். பிள்ளைக்கு நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் யார் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைக்குக் கோணல்மாணலாக இருந்தாலும் அவள் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள்.

பெரியவளின் நோட்டுகளைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன். தேடாதீர்கள்.

பின்குறிப்பு: எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். அது என் கைப்பையில் இருக்கிறது. என்னாலும் முடியவில்லைங்க.