வெறுமையாக வந்த மூன்று கடிதங்கள்

கூஸ்தவி, வியாழக்கிழமை மாலை

அன்பு மகன் யால்மரிக்கு,

உன் அப்பா தைஸ்தோ சொல்லச் சொல்ல உன் தங்கை லூலி தட்டச்சு செய்வது. தொடங்கும் முன்பே நான் ஒரு நிபந்தனை போட்டுவிட்டேன் அண்ணா. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், "அதை விட்டுடு" என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லையும் சேர்த்தே எழுதுவேன். அப்பா "சரி, போடு" என்றார். இங்கே நாங்கள் மூவரும் சுகம், பூனைக்கு மட்டும் காதில் ஒரு கீறல். நடுக்கடலில் நீயும், உன் தோழி இல்டாவும், கப்பலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம்.

முதல் விஷயத்தை முதலில் சொல்லச் சொல்கிறார் அப்பா, நீ படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று. நாளை நண்பகலுக்குள் கேப்டனிடம் போய், இன்னும் நான்கு மாதத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிடு. பதினெட்டாம் தேதி கப்பல் துர்க்கு துறைமுகத்துக்கு வந்ததும் இறங்கி, இல்டாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. அப்பா உனக்கு அனுப்பிய இரண்டு வெற்று மின்னஞ்சல்களுக்கும் நீ நினைத்த அர்த்தம் கிடையாது. கப்பலில் கைபேசி எடுக்காது, உங்களுக்கு நாளுக்கு இரண்டு முறைதான் அஞ்சல் இறங்கும் என்பதால் காலை அஞ்சலுக்குள் இது வந்து சேர வேண்டுமே என்பதுதான் இப்போது எங்கள் கவலை.

இனி நடந்தது. இன்று மத்தியானம் காபி குடிக்கும்போது அப்பா, "மூணாவது தடவையும் வெறும் தாளை அனுப்பியிருக்கான்" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்ன வெறும் தாள் என்று கேட்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மே மாதத்திலிருந்து உன்னிடமிருந்து வரும் கடிதங்களில் உன் பெயரும் தேதியும் இருக்கும், உள்ளே ஓர் எழுத்துகூட இருக்காதாம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரலில் உங்கள் சண்டைக்குப் பிறகு அவர் உனக்கு, விருந்தாளி மாதிரி வருவதானால் வரவே வேண்டாம் என்று எழுதினாரே, அந்தக் கோபத்தில் நீ பேசாமலிருப்பதாக நினைத்துக்கொண்டாராம். மின்கட்டணக் கடிதம் ஒழுங்காகத் தெரிகிறது, படகுத்துறை அலுவலகத்தின் கடிதம் தெரிகிறது, உன்னுடையது மட்டும் வெறுமை என்றால் வேறென்ன நினைப்பது என்று கேட்கிறார். "அப்ப நீ என்ன பண்ணினே தைஸ்தோ?" என்று அம்மா கேட்டதற்கு, "நானும் வெறுமையாவே பதில் போட்டேன். பேசாம இருக்கிறதை நான்தானே அவனுக்குக் கத்துக்கொடுத்தேன்" என்றார். அம்மா, "அப்பனும் மகனும் ஒண்ணுமே சொல்லாததுக்கு ஒரு கணினி, அதுக்கு ஒரு இணைப்பு, மாசாமாசம் அதுக்குக் காசு வேற!" என்றாள். (அப்பா இதை விட்டுவிடச் சொன்னார்.)

எனக்கு விடுமுறைதானே, உடனே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், மாற்றியதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை சொல்வார், அப்படியே செய்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன், மாற்றமில்லை. எழுத்தைப் பெரிதாக்கினேன், வெறுமைதான் பெரிதானது. உலாவி சேர்த்து வைத்திருந்த பழைய குப்பையையெல்லாம் அழித்தேன், கடவுச்சொல் மறந்துபோனது, அதைத் தேடவே அரைமணி நேரம், கடைசியில் அது அப்பாவின் படகு ராடார் கையேட்டின் பின்னட்டையில் இருந்தது. திரை ஒரேயடியாக இருட்டாக இருக்கிறதென்று அப்பா அந்த வெயில் நேரத்தில் சமையலறையில் இருந்த மூன்று விளக்குகளையும் போட்டார். "விளக்கைப் போட்டா திரைக்குள்ள வெளிச்சம் போகாதுப்பா" என்றேன். "எனக்குத் தெரியும், எனக்காகப் போட்டேன்" என்றார். கடைசியில் உன் வெற்றுக் கடிதத்தையே நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பார்க்கலாம் என்று சுட்டியை அழுத்தியபடி மேலிருந்து கீழாக இழுத்தேன். இழுத்த இடமெல்லாம் நீல நிறமாகி அதற்குள் வரிவரியாக வெள்ளை எழுத்துகள் எழுந்து வந்தன. முதல் வரி, "அப்பா, நான் அப்படிப் பேசியது தப்பு."

காரணம் இவ்வளவுதான். மே மாதம் உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது கறுப்புப் பின்னணி கொண்ட இருண்ட தோற்றத்தையும் தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறது. மற்றவர்களின் கடிதங்கள் தங்கள் வெள்ளைப் பின்னணியைத் தாங்களே கொண்டுவருகின்றன. உன் கப்பலின் அஞ்சல் நிரல் எழுத்தை மட்டும் கறுப்பு என்று சொல்லி அனுப்புகிறது, பின்னணியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆக கறுப்பின் மேல் கறுப்பு. அமைப்புகளில் தோற்றம் என்ற இடத்துக்குப் போய் வெளிர் என்று மாற்றினேன், மூன்று கடிதங்களும் முழுசாக வந்தன. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, "வேகமாக் கீழே தள்ளாதே" என்று சொல்லி ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தார். மன்னிப்புக் கேட்டு எழுதியது, வீட்டுக்கு வரலாமா, இல்டாவைக் கூட்டி வரலாமா என்று எழுதியது, நேற்று வந்த மூன்றாவது. அதில் நீங்கள் வேண்டாம் என்று சொல்வது புரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை நண்பகலில் இன்னும் நான்கு மாதத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று நீ எழுதியிருந்த வரியில் அப்பா நிறுத்திவிட்டார். அதன் பிறகு எழுந்துபோய் தண்ணீர் குடித்தார். சாயங்கால முறைக்கு அக்கரைக்குக் கார்களை ஏற்றிச்செல்லும் மஞ்சள் படகை ஓட்டப் போக வேண்டியவர், சகாவைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது இதுதான் முதல் முறை என்று அம்மா சொல்கிறாள்.

அம்மா சொல்பவை. இல்டா மத்தி மீன் சாப்பிடுவாளா என்று எழுது, சாப்பிடாவிட்டால் புது உருளைக்கிழங்கும் வெந்தயக்கீரையும் வெண்ணெயும் இருக்கவே இருக்கிறது. மாடி அறையில் ஜன்னல் ஒழுகியது, அப்பா சரிசெய்துவிட்டார், ஏப்ரலிலேயே, கடிதம் எழுதிய அதே வாரத்தில். (இதையும் விட்டுவிடச் சொன்னார்.) சவுனா நீராவிக் குளியலறையில் அவளை முதல் நாளே மேல்படியில் உட்கார வைக்காதே. நடுக்கோடை விழாவுக்குக் கரையில் கொளுத்த விறகு அடுக்கியாகிவிட்டது, உன் உயரத்துக்கு வந்திருக்கிறது. குளிருக்குப் போடும் மேல்சட்டையை வழக்கம்போலக் கப்பலிலேயே விட்டுவிட்டு வராதே.

நல்லபடியாக வந்து சேருங்கள் இருவரும். கேப்டனிடம் சொன்னதும் ஒரே ஒரு வரி எழுது, என்ன நிறத்தில் வந்தாலும் படித்துவிடுவோம்.

இப்படிக்கு உன் அப்பா
தைஸ்தோ

அண்ணா, இன்னும் கொஞ்சம். இதற்குக் கீழே ஓர் இடம் காலியாகத் தெரியும், அது காலியில்லை. எழுத்துக்கு நிறம் மாற்றுவது எப்படி என்று அப்பா என்னிடம் கேட்டார், வெள்ளையைக் காட்டிக்கொடுத்தேன். "நீ கொஞ்சம் வெளியே போ" என்றார். கதவுக்கு வெளியே நின்றேன், ஒற்றை விரலால் தட்டும் சத்தம் பதினோரு நிமிடம் கேட்டது, நடுவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். உன் திரை இருட்டாக இருந்தால் கப்பலே படித்துவிடும், தனியாக இருக்கும்போது திற என்று அம்மா சொல்லச் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொன்னேன். அந்தக் காலி இடத்தில் இருப்பதை மட்டும் எழுத முடியாது, நான் இழுத்துப் பார்க்கவில்லை. அப்பா சமையலறையின் மூன்று விளக்குகளையும் அணைத்துவிட்டார்.