கொம்பனித்தெருவில் நீ நின்ற நேரம்

பல்லேபொல
2025.02.10

மகன் அன்ஸாபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. போனை எடுக்காதது வேண்டுமென்றுதான். இனியும் எடுக்க மாட்டேன். வாப்பா மவுத்தான அன்று காலை ஒன்பது மணியிலிருந்து அந்தப் போனில் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் விரல் மரத்துப் போனது. நீ வெள்ளைக்காரருக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாயாம். மய்யித்தை அடக்கி முடிந்த பிறகு வந்து வாசலில் நின்றாய்.

நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. யோசிக்க மட்டும்தான் முடியும். வாப்பாவை விடப் பெரிதாக அங்கே என்ன இருந்தது? நான் கொழும்பைக் கண்டது ஒரே தடவை, வாப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு. ஆஸ்பத்திரியும் மருதானை ஸ்டேஷனும்தான் தெரியும். அன்று எங்கெங்கே போனாய்? தெருத் தெருவாக எழுது. ஒன்றையும் விடாதே.

பிழை இருந்தால் இருக்கட்டும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு.

உம்மா ஹவ்வா


தெமட்டகொடை, கொழும்பு
2025.02.19

அன்புள்ள உம்மாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கேட்டபடியே எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குக் கொட்டாஞ்சேனை. ஞாயிற்றுக்கிழமை. சேர்ச் மணியும் கோயில் மணியும் ஒன்றாக அடித்தன. வேலைச் சட்டப்படி போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டேன். பத்து மணிக்குப் புறக்கோட்டை. ஒரு தெரு முழுக்க நகைக்கடை, அடுத்ததில் மிளகு, கறுவா, கராம்பு. ஒரு மூட்டையில் மாத்தளை என்று எழுதியிருந்தது. "எங்கட ஊர்ச் சாமான்" என்று அவர்களுக்குக் காட்டினேன். அப்போது வாப்பா மவுத்தாகி ஒரு மணித்தியாலம். எனக்குத் தெரியாது உம்மா.

ஒன்றரைக்குக் கொம்பனித்தெரு. மலாய்க்காரரின் பழைய சின்ன வீடுகள், அவற்றை மறைத்துக்கொண்டு கண்ணாடிக் கட்டடங்கள். சாப்பாட்டுக் கடையில்தான் போனைப் பார்த்தேன். உடனே யாகூப் மாமாவுக்கு எடுத்து, "மஃரிபு வரைக்கும் மய்யித்தை வைங்க மாமா, வந்துடுவேன்" என்று அழுதேன். ஆறு மணிக்கு ஊரில் நின்றேன். வைத்திருந்தால் முகம் பார்த்திருப்பேன், தோள் கொடுத்திருப்பேன். பின்னேரம் அசர் தொழுகையோடு அடக்கிவிட்டார்கள்.

மாமா நினைத்திருந்தால் வைத்திருக்கலாம். அவருக்குப் போன் எடுத்து வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இனி அவர் முகத்தில் முழிக்க மாட்டேன்.

பெருநாளைக்கு வரவா?

உங்கள் மகன் அன்ஸாப்


பல்லேபொல
2025.03.03

மகன் அன்ஸாபுக்கு,

வர வேண்டாம். கொட்டாஞ்சேனை மணிச் சத்தம் உனக்குக் கேட்டது, எங்கள் சத்தம் கேட்கவில்லை. மிளகு மூட்டையில் எழுதியிருந்ததை வாசித்தாய், போனை எடுத்துப் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளைகள் தோள் கொடுத்தார்கள், பெற்ற பிள்ளை கொடுக்கவில்லை. மாமாவைப் பற்றி இனி ஒரு வரி எழுதாதே.

உம்மா


பல்லேபொல
2025.03.24

மகன்,

நீ பதில் போடவில்லை. போடாதே, இதை வாசி.

நேற்று நோன்பு திறக்க என் தம்பி யாகூப் பள்ளிவாசல் கஞ்சி கொண்டு வந்தான். "மருமகன் பெருநாளைக்கு வாறானா?" என்று கேட்டான். நீ அவனுக்கு ஏசியதை இன்று வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை.

அன்று நீ எடுத்ததும் அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். நீ அழுததாக எழுதியிருக்கிறாய். எனக்குக் கேட்டது பீங்கான் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும்தான். நீ போனை வைத்ததும், "ராத்தா, மஃரிபு வரைக்கும் வைப்போமா? பள்ளியில கேட்டேன், சரிங்கிறாங்க" என்றான். நான்தான் சொன்னேன், "வேணாம். அவன் சாப்பிட்டுட்டு ஆறுதலா வரட்டும். அசரோட கொண்டு போங்க."

இரண்டாவது தடவையும் கேட்டான். அப்போதும் வேணாம் என்றேன்.

உன்னைத் தெருத் தெருவாக எழுதச் சொன்னது, நான் சொன்னது சரி என்று காட்ட அங்கே ஏதாவது அகப்படுமா என்றுதான். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, கொம்பனித்தெரு எல்லாம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நீ வேலை செய்துகொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பெருநாளைக்கு வந்தால் முதலில் மாமா வீட்டுக்குப் போ. அதற்குப் பிறகு இங்கே வருவதா இல்லையா என்று நீயே முடிவு செய்.

உம்மா